வங்கியில் புதுக் கணக்குத் திறக்கும்போது ஏன் இத்தனை கேள்வி? திருகோணமலை வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்பவை

திருகோணமலை மாவட்டத்தில் புதிதாக வங்கிக் கணக்குத் திறக்கப் போகிறவர்களுக்காக எழுதியது இது. எழுதுபவன் ஒரு கிளையில் கணக்குத் திறக்கும் மேசையில் இருந்தவன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து வந்த கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். படிவத்தில் பெயரையும் விலாசத்தையும் எல்லோரும் கவனமாக எழுதுவார்கள். தொழில், வருமானம், கணக்கின் நோக்கம், மாதம் எவ்வளவு காசு வந்து போகும் என்ற கட்டங்களை "ஏதாவது போடுங்கோ தம்பி" என்று விட்டுவிடுவார்கள். பின்னால் தலையிடி வருவது பெரும்பாலும் அந்தக் கட்டங்களால்தான்.

முன்பெல்லாம் மனேஜருக்கு ஆளைத் தெரிந்தால் போதும். இப்போது ஏன் இவ்வளவு விசாரணை?

சட்டம் மாறிவிட்டது. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல் வாங்கல்கள் அறிக்கையிடல் சட்டம் வந்த பிறகு, பெயர் தெரியாத ஆளுக்கோ பொய்ப் பெயரிலோ கணக்குத் திறப்பது குற்றம். அதே ஆண்டில்தான் பணம் தூயதாக்கல் தடைச் சட்டமும் வந்தது. குற்றத்தில் வந்த காசை நல்ல காசு போலக் காட்டுவதைத் தடுக்கும் சட்டம் அது. வங்கிகள் இதை எப்படிச் செய்ய வேண்டும் என்ற விரிவான விதிகள் 2016 ஜனவரியில் வர்த்தமானியில் வெளியாகின. இலங்கை மத்திய வங்கியில் இருக்கும் நிதியியல் உளவறிதல் பிரிவு இதைக் கண்காணிக்கிறது. வங்கி தவறினால் வங்கிக்குத் தண்டம்.

இன்னொரு காரணமும் உண்டு. 2017இல் சர்வதேச நிதியியல் நடவடிக்கைச் செயலணி (FATF) இலங்கையைச் சாம்பல் பட்டியலில், அதாவது கள்ளக்காசைத் தடுப்பதில் குறைபாடு உள்ள நாடுகளின் பட்டியலில், போட்டது. 2019 ஒக்டோபரில்தான் அதிலிருந்து வெளியே வந்தோம். அந்தக் காலத்தில் இறுக்கிய முடிச்சை வங்கிகள் அப்புறம் தளர்த்தவில்லை. ஆகவே கவுண்டரில் இருக்கும் பிள்ளை உங்களைச் சந்தேகப்பட்டுக் கேட்பதாக நினைக்க வேண்டாம். கோடீஸ்வரர் வந்தாலும் அதே படிவம்தான்.

கையில் என்ன கொண்டுபோக வேண்டும்?

தேசிய அடையாள அட்டை, அல்லது காலாவதியாகாத கடவுச்சீட்டு, அல்லது காலாவதியாகாத சாரதி அனுமதிப்பத்திரம். மூன்றில் ஒன்று போதும், ஆனால் மூலப் பிரதி வேண்டும். போட்டோக் கொப்பியோ மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படமோ உதவாது. உத்தியோகத்தர் மூலப் பிரதியைப் பார்த்து, படத்தையும் உங்கள் முகத்தையும் ஒப்பிட்டு, கொப்பியில் "மூலப் பிரதி பார்க்கப்பட்டது" என்று கையொப்பம் வைப்பார். அந்தக் கையொப்பத்துக்கு அவரே பொறுப்பு. அதனால்தான் அதில் விட்டுக்கொடுக்க மாட்டார்.

இப்போது இருக்கும் விலாசம் அடையாள அட்டையில் இருப்பதிலிருந்து வேறு என்றால் அதற்கு ஒரு அத்தாட்சி. பிறகு உங்கள் பெயரில் உள்ள தொலைபேசி இலக்கம். முதல் வைப்புத் தொகை வங்கிக்கு வங்கி மாறும்.

பழைய லேமினேட் அடையாள அட்டை செல்லுமா என்று வயதானவர்கள் கேட்பார்கள். செல்லும். எழுத்தும் படமும் தெரிய வேண்டும், அவ்வளவுதான். வியர்வையில் ஊறிப் படம் வெள்ளையாகிப் போன அட்டையோடு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படியானால் கிராம உத்தியோகத்தர் மூலம் புது அட்டைக்கு விண்ணப்பிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அடையாள அட்டை இலக்கத்தைப் பார்த்தே பிறந்த திகதியைச் சொல்லிவிடுகிறார்களே, எப்படி?

இலக்கத்திலேயே இருக்கிறது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஒரு ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த எண்ணோடு 500 கூட்டியிருக்கும். உதாரணமாக 71562 என்று தொடங்கினால் 1971இல் பிறந்த பெண், 62ஆம் நாள். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்துத்தான் எண்ணுவார்கள். ஆக 62 என்பது மார்ச் 2. சாதாரணக் கலண்டரைப் பார்த்து எண்ணினால் ஒரு நாள் பிந்திக் காட்டும், பயப்பட வேண்டாம். புதிய 12 இலக்க எண்ணில் ஆண்டு நான்கு இலக்கமாக வரும், மற்றக் கணக்கு அதேதான்.

இதனால் உங்களுக்கு என்ன? படிவத்தில் எழுதிய பிறந்த திகதியும் இலக்கம் சொல்லும் திகதியும் ஒத்துப்போகாவிட்டால் கணினி அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு திகதி, அடையாள அட்டையில் இன்னொரு திகதி என்று இருப்பவர்கள் நம் பக்கத்தில் குறைவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்க வயதைக் கூட்டியோ குறைத்தோ சொன்ன காலம் அது. வங்கிக்கு அடையாள அட்டையில் உள்ளதே கணக்கு. "உண்மையான திகதி இதுதான்" என்று படிவத்தில் வேறொன்றை எழுத வேண்டாம். மாற்ற வேண்டுமென்றால் முதலில் ஆட்பதிவுத் திணைக்களத்தில் மாற்றிக்கொண்டு வாருங்கள்.

என் பெயர் ஒவ்வொரு பத்திரத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. என்ன செய்வது?

எல்லாக் கேள்வியிலும் இதுதான் பெரியது. ஆறுதலாகவே சொல்கிறேன்.

நம் பெயர்கள் மூன்று மொழியில் பயணம் செய்கின்றன. பிறப்பைத் தமிழில் பதிந்திருப்பார்கள். பழைய அடையாள அட்டையில் அதைச் சிங்களத்தில் எழுதியிருப்பார்கள். கடவுச்சீட்டு எடுக்கும்போது யாரோ ஒரு ஏஜென்ட் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். சண்முகராசா ஒரு இடத்தில் சன்முகராஜா ஆகியிருக்கும். முஹம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் வெவ்வேறு எழுத்தில் எழுதுவார்கள். சிலருக்குத் தகப்பன் பெயர் முன்னால் முழுதாக இருக்கும், சிலருக்கு ஒரே எழுத்தாக முதலெழுத்து மட்டும். கல்யாணத்துக்குப் பிறகு சில பெண்கள் கணவர் பெயரைக் கடைசியில் சேர்த்திருப்பார்கள், அடையாள அட்டையோ கன்னிப் பெயரிலேயே இருக்கும்.

எழுத்து வித்தியாசம் மட்டும் என்றால் பெரிய பிரச்சினை இல்லை. கணக்கை அடையாள அட்டையில் உள்ள எழுத்திலேயே திறவுங்கள். உங்களுக்குப் பிடித்த எழுத்தில் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். ஏனென்றால் நாளைக்குச் சம்பளம், ஊழியர் சேமலாப நிதி, வெளிநாட்டுக் காசு எல்லாம் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் சேர்த்துத்தான் பார்க்கப்படும். சீனக்குடாப் பக்கம் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர் என்றால் வேலைத்தளத்திலும் அதே பெயரைக் கொடுத்திருக்கிறீர்களா என்று ஒருமுறை பாருங்கள்.

பெயரே வேறு என்றால், அதாவது பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வீட்டில் கூப்பிடும் பெயரும் இருந்தால், "இரு பெயரும் என்னையே குறிக்கும்" என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வாருங்கள். அதோடு பிறப்பு அத்தாட்சி, தேவையென்றால் விவாக அத்தாட்சி. சத்தியக்கடதாசியில் இரண்டு பெயரும் பத்திரங்களில் உள்ள அதே எழுத்தில் இருக்க வேண்டும். இது சின்ன விசயம் போலத் தெரியும். ஆனால் சத்தியக்கடதாசியிலேயே மூன்றாவதாக ஒரு எழுத்துக்கூட்டலைப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அதைத் திரும்ப எழுதத்தான் வேண்டும், காசும் போய் நாளும் போய்விடும்.

அடையாள அட்டையிலேயே பிழை என்றால் சத்தியக்கடதாசி வெறும் ஒட்டுத்தான். கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் வழியாக ஆட்பதிவுத் திணைக்களத்துக்குத் திருத்த விண்ணப்பம் கொடுப்பதே நிரந்தர வழி. அலைச்சல் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பிழையோடு காணி எழுதவோ கடவுச்சீட்டு எடுக்கவோ போனால் இதைவிடப் பெரிய அலைச்சல்.

வாடகை வீட்டில் இருக்கிறேன், கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில். விலாசத்தை எப்படிக் காட்டுவது?

நிரந்தர விலாசமாக அடையாள அட்டையில் உள்ளதைப் போடலாம். இப்போது இருக்கும் இடம் வேறாக இருந்தால் அதற்குத் தனி அத்தாட்சி வேண்டும். மின்சாரம், தண்ணீர், வீட்டு நிலையான தொலைபேசி ஆகிய பில்களில் ஒன்று, மூன்று மாதத்துக்கு மேற்படாததாக. பில் வேறு ஒருவர் பெயரில் என்றால் அவரின் மேற்பார்த்து (C/O) என்று விலாசம் எழுத வேண்டிவரும். அதற்கு வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். வாடகை ஒப்பந்தம் இருந்தால் அதையும் காட்டுங்கள். தபால் பெட்டி இலக்கத்தைத் தனியாள் விலாசமாக ஏற்க மாட்டார்கள். கைபேசி பில்லை எல்லாக் கிளையும் எடுக்காது.

உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் வேலைக்கு வந்து அறை எடுத்து இருக்கும் பிள்ளைகளுக்கு எளிய வழி, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ். பிரதேச செயலாளரின் ஒப்பமும் முத்திரையும் அதில் இருந்தால் நல்லது. அவசரம் என்றால், கணக்கை எந்தச் சான்றோடு திறப்பார்கள் என்று கிளையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிறகு கிராம உத்தியோகத்தரிடம் போங்கள். அவர் அலுவலகத்தில் இருக்கும் நாட்கள் உங்களுக்கே தெரியும்.

சம்பூரில் இருந்து இடம்பெயர்ந்து திரும்பியவர்கள் நாங்கள். வீட்டோடு பத்திரமெல்லாம் போய்விட்டது.

2004 சுனாமியிலும் 2006 சண்டையிலும் பத்திரம் இழந்தவர்கள் மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்று, குச்சவெளிப் பக்கமெங்கும் இருக்கிறார்கள். வங்கி இதற்குத் தனிக் கதவு திறக்க முடியாது, ஆனால் பத்திரத்தைத் திரும்ப எடுக்க வழி இருக்கிறது. அடையாள அட்டை தொலைந்தால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியோடு கிராம உத்தியோகத்தர் மூலம் புது அட்டை எடுக்கலாம். பிறப்பு அத்தாட்சிப் பிரதியைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். பிறப்பே பதியப்படவில்லை என்றால் காலங்கடந்த பதிவு, அதுவும் முடியாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஏற்பாடுகள் உண்டு. இப்படியான பத்திரங்களை ஒரே நாளில் செய்துகொடுக்கும் நடமாடும் சேவைகள் வரும்போது தவறவிட வேண்டாம்.

தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பியவர்களுக்கு இன்னொரு படி இருக்கிறது. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இலங்கைப் பிரஜாவுரிமைப் பதிவு முடிந்த பிறகுதான் அடையாள அட்டை. அதுவரை தாய் அல்லது தகப்பன் பெயரில் குடும்பத்துக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்தது.

"தொழில் என்ன, மாதம் எவ்வளவு வரும், காசு எங்கிருந்து வருகிறது" என்று ஏன் துருவுகிறார்கள்? வருமான வரிக்காரருக்குச் சொல்லவா?

வரிக்காகக் கேட்பதில்லை. நீங்கள் சொல்லும் பதில் உங்கள் கணக்கின் அளவுகோலாகக் கணினியில் ஏறுகிறது. பிற்பாடு வருகிற ஒவ்வொரு பெரிய வரவையும் அந்த அளவுகோலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போனால் யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள். ஒத்துப்போகாவிட்டால் கிளையிலிருந்து போன் வரும், காசுக்கு ஆதாரம் கேட்பார்கள்.

நம்மவர்கள் செய்வது என்ன? பயத்தில் குறைத்து எழுதுவது. "வீட்டுப் பணி, மாதம் ஐயாயிரம்" என்று ஒரு அம்மா எழுதுவார். கனடாவில் இருக்கும் மகன் வீடு கட்ட எட்டு இலட்சம் ஒரே தடவையில் அனுப்புவான். காசில் ஒரு குற்றமும் இல்லை, படிவத்தில்தான் பிழை. முதல் நாளே "மகன் வெளிநாட்டில், வீடு கட்டக் காசு அனுப்புவார்" என்று எழுதியிருந்தால் அந்தப் போன் வந்திருக்காது.

மாதச் சம்பளக்காரர் அல்லாதவர்களுக்கு இந்தக் கட்டம் சங்கடம்தான். படிவம் எழுதியவர் கொழும்பில் ஒரு மேசையில் இருந்து எழுதியிருப்பார் போல, எல்லோருக்கும் மாதாமாதம் ஒரே தொகை வரும் என்ற நினைப்பு. திருகோணமலைக் கடலில் வாடைக்காலத்தில் தொழில் படுத்துவிடும், சித்திரைக்குப் பிறகுதான் கை நிறையக் காசு. தம்பலகாமம், கந்தளாய் வயல்காரருக்குப் போகம் வெட்டும்போது மொத்தமாக வரும், பிறகு மாதக்கணக்காக ஒன்றுமில்லை. நிலாவெளியில் விருந்தினர் விடுதி வைத்திருப்பவருக்கு மே முதல் செப்டெம்பர் வரைதான் பருவம். இப்படியானவர்கள் ஒரு சராசரியை எழுதிவிட்டு, "பருவகால வருமானம், இந்த மாதங்களில் இவ்வளவு வரை வரும்" என்று பக்கத்தில் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். அதற்குக் கட்டம் இல்லையென்றாலும் ஓரத்தில் எழுதலாம். உத்தியோகத்தர் மறுக்க மாட்டார், அவருக்கும் பிற்பாடு வேலை மிச்சம்.

பின்னர் நிலைமை மாறினால், காணி விற்றாலோ புதுத் தொழில் தொடங்கினாலோ, கிளைக்குப் போய் அந்த விபரத்தை மாற்றச் சொல்லலாம்.

பத்து இலட்சத்துக்கு மேல் போட்டால் பிடித்துவிடுவார்கள் என்கிறார்களே?

பிடிக்க மாட்டார்கள். பத்து இலட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகவோ மின்னணு முறையிலோ கைமாறினால் வங்கி நிதியியல் உளவறிதல் பிரிவுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். அது எல்லோருக்கும் போகும் வழக்கமான அறிக்கை. உங்கள் மேல் குற்றச்சாட்டு அல்ல. காணி உறுதி, நகை விற்ற பற்றுச்சீட்டு என்று ஆதாரத்தை வைத்திருங்கள், போதும்.

தொகையை இரண்டாகவோ மூன்றாகவோ உடைத்து ஒன்பது இலட்சத்துத் தொண்ணூறு ஆயிரமாகப் போடுவதுதான் உண்மையில் சந்தேகத்தைக் கிளப்பும். அப்படிச் சந்தேகம் வந்தால் வங்கி இரண்டு வேலை நாளுக்குள் தனி அறிக்கை அனுப்பியாக வேண்டும். அதை உங்களிடம் சொல்வது உத்தியோகத்தருக்குக் குற்றம். கேட்டாலும் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது.

என் பெயரைக் கணினியில் அடித்துவிட்டு "கொஞ்சம் இருங்கோ" என்றார்கள். ஏன்?

தடைசெய்யப்பட்டவர்கள், அமைப்புகளின் பட்டியல்கள் உண்டு. ஐக்கிய நாடுகள் சபையின் பட்டியல் ஒன்று. 2012ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க ஐக்கிய நாடுகள் ஒழுங்குவிதிகளின் கீழ் இலங்கை அரசு வர்த்தமானியில் வெளியிடும் பட்டியல் இன்னொன்று. புதிதாக வரும் ஒவ்வொரு பெயரையும் வங்கி இவற்றோடு ஒப்பிட்டாக வேண்டும். ஒரே பெயர் பலருக்கு இருக்கும் ஊர் நம்முடையது. தமிழ்ப் பெயரானாலும் முஸ்லிம் பெயரானாலும் கணினி ஒத்த பெயரைக் கண்டால் நின்றுவிடும். பிறகு ஒரு ஆள் பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், தகப்பன் பெயர் எல்லாவற்றையும் பார்த்து "இவர் அவர் அல்ல" என்று பதிவு செய்த பிறகுதான் மேலே போகும். சில வேளை தலைமையகத்திலிருந்து பதில் வர மறுநாள் ஆகும்.

இந்த இடத்தில் காத்திருக்கச் சொல்வது நியாயம். நாலு பேர் முன்னால் சத்தமாக "உங்கட பெயர் லிஸ்டில இருக்கு" என்று சொல்வது நியாயமல்ல. அப்படி நடந்தால் மனேஜரின் அறையில் பேச வேண்டும் என்று கேளுங்கள். அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

நான் அமெரிக்கப் பிரஜையா என்று ஒரு படிவம் தந்தார்கள். நான் அன்புவழிபுரத்தை விட்டு வெளியே போனதே இல்லை.

எல்லோருக்கும் அதே கேள்விதான். அமெரிக்க வரிச் சட்டம் ஒன்று தன் பிரஜைகளின் வெளிநாட்டுக் கணக்குகளைத் தேடுகிறது, உலகம் முழுக்க வங்கிகள் கேட்கின்றன. உங்களுக்குப் பொருந்தாவிட்டால் "இல்லை" என்று அடையாளமிட்டுக் கையொப்பம் வையுங்கள். அமெரிக்கப் பிரஜையோ, அங்கே நிரந்தரமாக வசிக்க உரிமை தரும் பச்சை அட்டை வைத்திருப்பவரோ என்றால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அரசியலில் இருப்பவர்களுக்குத் தனி விசாரணையா?

ஆம். அரசியல்வாதிகள், உயர் அரச அதிகாரிகள், நீதித்துறை, படைத்துறை உயர் அதிகாரிகள், அவர்களின் நெருங்கிய குடும்பத்தார் என்றால் வங்கியின் மேல்மட்ட அனுமதி வேண்டும். மத்திய, கீழ்த்தர உத்தியோகத்தர்களுக்கு இது பொருந்தாது.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. படுக்கையிலும் இருக்கிறா. அவவின் பெயரில் திறக்க முடியுமா?

எழுதத் தெரியாதது தடை இல்லை. பெருவிரல் அடையாளம் வைக்கலாம். படிவத்தில் உள்ளதை அவவுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டி, சாட்சியோடு வைக்க வேண்டும். வர முடியாதவர் என்றால் கிளை மனேஜரிடம் எழுத்தில் கேளுங்கள். பக்கத்தில் உள்ள வீட்டுக்கு உத்தியோகத்தர் வந்து பார்ப்பது வழக்கத்தில் உண்டு. அஸ்வெசும கொடுப்பனவு, ஓய்வூதியம் போன்றவற்றுக்கு இப்படிக் கேட்பவர்கள் நிறைய.

அவவுக்குப் பதிலாக நீங்கள் நடத்த வேண்டும் என்றால் இரண்டு வழி. கூட்டுக் கணக்கு ஒன்று. அதில் இருவரின் அடையாளமும் சரிபார்க்கப்படும். அற்றோணித் தத்துவம், அதாவது தனக்காக நடத்த இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம், மற்றது. அதற்கும் உங்கள் அடையாளப் பத்திரங்கள் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் அண்ணாவின் கணக்கை நடத்தவும் இந்த அற்றோணித் தத்துவமே வழி. அவர் ஏடிஎம் அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் தந்துவிட்டுப் போனார் என்பது அனுமதி ஆகாது.

பிள்ளையின் பெயரில்?

பிறப்பு அத்தாட்சியும் தாய் அல்லது தகப்பனின் அடையாள அட்டையும். 18 வயதானதும் பிள்ளை தன் அடையாள அட்டையோடு வந்து மாற்றிக்கொள்ளலாம். 15 வயதிலேயே அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், பாடசாலை மூலமாகவே செய்வார்கள்.

கோயில் திருப்பணிக் காசை என் சொந்தக் கணக்கில் வைத்திருக்கலாமா? எல்லோருக்கும் என்னில் நம்பிக்கை.

வேண்டாம். ஊருக்கு உங்களில் நம்பிக்கை இருக்கலாம். ஆனால் வங்கியின் கண்ணில் அந்தக் காசு முழுக்க உங்களுடையது. வெளிநாட்டில் இருந்து நாற்பது பேர் அனுப்பும் நன்கொடை ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரின் சேமிப்புக் கணக்கில் வந்து விழுந்தால் கேள்வி வராமல் இருக்காது. நீங்கள் இறந்துபோனால் அது உங்கள் வாரிசுகளின் சொத்தாகிவிடும், பிறகு பரிபாலன சபைக்கும் பிள்ளைகளுக்கும் வழக்கு.

சபையின் பெயரில் கணக்குத் திறவுங்கள். யாப்பு, பதிவுச் சான்றிதழ், கணக்குத் திறக்கத் தீர்மானித்த கூட்டத்தின் அறிக்கை, கையொப்பமிடுவோரின் அடையாளப் பத்திரங்கள் எல்லாம் வேண்டும். பள்ளிவாசல், மீனவர் சங்கம், மாதர் சங்கம் எல்லாவற்றுக்கும் இதே முறை. கூட்ட அறிக்கையில் பதவியும் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் தெளிவாக இருக்கட்டும். நிர்வாகம் மாறும்போது புதிய அறிக்கையோடு உடனே வர வேண்டும். பழைய தலைவர் லண்டன் போய்விட்டார், அவர் கையொப்பம் இல்லாமல் காசு எடுக்க முடியவில்லை என்று வந்து நிற்கும் சங்கங்களுக்கு வங்கியால் உதவ முடிவதில்லை.

கடை பெயரில் கணக்கு?

வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழும் உரிமையாளரின் அடையாளப் பத்திரமும். கூட்டு வியாபாரம் என்றால் பங்காளிகள் எல்லோரினதும்.

போனிலேயே திறக்கலாமா?

பல வங்கிகளின் செயலியில் முடியும். நேரில் பார்க்காமலே, ஆட்பதிவுத் திணைக்களத்தின் தரவோடு இணைத்து அடையாளத்தைச் சரிபார்க்க 2020இல் வழிகாட்டல் வந்தது. அடையாள அட்டையின் இரு பக்கத்தையும் படம் எடுத்து, முகத்தையும் காட்ட வேண்டும். பழைய அட்டைக்காரருக்குப் படம் தெளிவில்லாமல் பாதியில் நின்றுவிடலாம், அப்போது கிளைக்குத்தான் போக வேண்டும். செயலியைப் போனின் அதிகாரபூர்வக் கடையிலிருந்து மட்டும் இறக்குங்கள். யாரோ அனுப்பிய இணைப்பிலிருந்து வேண்டாம்.

ஒருவர் என் பெயரில் கணக்குத் திறந்து அட்டையைத் தந்தால் மாதாமாதம் காசு தருவதாகச் சொல்கிறார். ஆபத்தா?

பெரிய ஆபத்து. வேலையில்லாத இளம் பிள்ளைகளையும் கடனில் இருக்கும் பெண்களையும் தேடி வருவார்கள். உங்கள் அடையாள அட்டை, உங்கள் முகம், உங்கள் கையொப்பம் எல்லாம் உண்மையானவை, அதனால் வங்கி எந்தக் குறையும் காணாது. பிறகு எங்கோ ஒருவரிடம் மோசடி செய்த காசு உங்கள் கணக்குக்கு வரும், அரை மணித்தியாலத்தில் ஏடிஎம்மில் எடுத்துவிடுவார்கள். பொலிஸ் தேடி வருவது கணக்கில் பெயர் உள்ளவரை. காசு தந்தவரின் பெயரோ விலாசமோ உங்களிடம் இருக்காது.

ஏற்கனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றே வங்கிக்கு அழைத்து அட்டையையும் இணைய வங்கிச் சேவையையும் நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு கிளைக்குப் போய் எழுத்தில் கொடுங்கள், பொலிசிலும் முறைப்பாடு போடுங்கள். வெட்கத்தில் பிந்தும் ஒவ்வொரு நாளும் உங்களுக்கே பாதகம்.

"உங்கள் விபரத்தைப் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடங்கும்" என்று எஸ்எம்எஸ் வந்தது.

வங்கிகள் பழைய வாடிக்கையாளரிடம் விபரம் புதுப்பிக்கக் கேட்பது உண்மைதான், சட்டப்படி கேட்கத்தான் வேண்டும். அதனாலேயே கள்ளரும் அதே வார்த்தையைப் பாவிக்கிறார்கள். எஸ்எம்எஸ்ஸில் உள்ள இணைப்பைத் தொடாமல், பாஸ் புத்தகத்தோடு கிளைக்குப் போங்கள். ஓடிபி (போனுக்கு வரும் ஒருமுறை இலக்கம்), ஏடிஎம் இரகசிய இலக்கம், கடவுச்சொல் இவற்றை எந்த வங்கியும் போனில் கேட்பதில்லை. மனேஜர் என்று சொல்லி நல்ல தமிழில் பேசினாலும் கொடுக்க வேண்டாம்.

நான் கொடுத்த விபரங்களை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள்?

கணக்கை மூடிய பிறகும் குறைந்தது ஆறு வருடம்.

எல்லாம் கொடுத்தும் கணக்குத் திறக்க மறுக்கிறார்கள். யாரிடம் போவது?

முதலில் காரணத்தைத் தெளிவாகக் கேளுங்கள். அடையாளத்தையோ விலாசத்தையோ உறுதிப்படுத்த முடியாவிட்டால் கணக்குத் திறக்கக் கூடாது என்பது விதி, அந்த இடத்தில் வாதாடிப் பயனில்லை. எந்தப் பத்திரம் குறை என்று கேட்டு அதைக் கொண்டுவருவதே வழி. ஆனால் விதியில் இல்லாத ஒன்றைக் கேட்டால், அல்லது படிவத்தை உங்களுக்கு விளங்காத மொழியில் தந்து "கையெழுத்து வையுங்கோ" என்றால், கிளை மனேஜரைச் சந்தியுங்கள். தமிழ்ப் படிவம் கேளுங்கள். சில கிளைகளில் அது லாச்சியில் இருக்கும், கேட்டால்தான் எடுப்பார்கள்.

மனேஜரிலும் முடியாவிட்டால் வங்கியின் தலைமையக முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத்தில் அனுப்பி, திகதியோடு ஒரு பிரதியை வைத்திருங்கள். அதற்கும் பதில் திருப்தி இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம் இருக்கிறது, தொலைபேசி 1935. மத்திய வங்கியின் பிரதேச அலுவலகம் ஒன்று திருகோணமலையிலேயே இருப்பதால் நேரில் போய் விசாரிக்கவும் முடியும். போகும்போது வங்கிக்கு எழுதிய கடிதத்தின் பிரதியையும், பேசிய உத்தியோகத்தரின் பெயரையும், போன திகதியையும் குறித்துக்கொண்டு போங்கள். வாய்ப்பேச்சாகச் சொல்லும் முறைப்பாட்டை விட அப்படி எழுதிக் கொடுப்பதற்கு விரைவாகப் பதில் கிடைக்கும்.